நாளைப் போவாரும் ஏழாவது மாடியும்

கோட்டக்குப்பத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு டீக்கடை. காலையில் அங்கே வந்து உட்காரும் பாய் ஒருவர் சரக்கு எடுக்க வருசத்துக்கு ஒருதரமாவது சீனாவில் இருக்கிற குவாங்சோவுக்குப் போய் வருவார். போன தடவை வந்ததும் செல்போனை என் கையில் கொடுத்தார். "பாரு தம்பி, இதுக்குப் பேருதான் ஊரு. நம்மளும் வெச்சிருக்கமே." படத்தில் ராத்திரி நேரத்து ஆறு, பக்கத்தில் அறுநூறு மீட்டர் உயரத்துக்கு விளக்குப் போட்ட கோபுரம், அக்கரையில் வரிசை வரிசையாக வானத்தை முட்டுகிற கட்டிடங்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இதையெல்லாம் கட்டுனவங்க ராத்திரி எங்க பாய் படுக்கறாங்க?" என்று கேட்டேன். பாய் சிரித்தார். "உனக்கு எங்க போனாலும் அந்தக் கேள்விதான்."

அந்தக் கேள்வி எதிர்ச்சாரியிலேயே நின்றுகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள், கையில் தூக்குவாளி. முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் உள்ளூர்க் காலனிக்காரர்களும். புதுச்சேரிக்குள் போய்ச் சித்தாள் வேலை, வீட்டு வேலை, ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை. கோட்டக்குப்பம் தமிழ்நாடு, தாண்டினால் முத்தியால்பேட்டை புதுச்சேரி. ஒரு மாநிலத்தில் பொழுது விடிந்து இன்னொரு மாநிலத்தில் மண் சுமந்து, தூங்க மட்டும் பழைய மாநிலத்துக்கு வருகிறார்கள். மேற்கே மேட்டில் 1968-ல் ஐம்பதாயிரம் பேருக்கென்று திட்டம் போட்டுத் தொடங்கிய ஆரோவில் இருக்கிறது. அதுவும் நகரம்தான், உலகத்துக்கே பொதுவான நகரமாம். அங்கேயும் குயிலாப்பாளையத்திலிருந்தும் இடையஞ்சாவடியிலிருந்தும் கோட்டக்கரையிலிருந்தும் சைக்கிளிலும் மொபெட்டிலும் போய்த் தோட்டத்தையும் சமையலறையையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். நகரம் என்கிற சொல்லுக்கு எங்கள் பக்கத்து அர்த்தம் இது: காலையில் போய், பொழுது சாய்ந்தால் வெளியேறிவிட வேண்டிய இடம்.

இந்த அர்த்தம் தமிழ் இலக்கியத்தில் எங்கே இருக்கிறது என்று தேடத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எம்.ஏ. படிக்கும்போது நகர வருணனை என்று ஒரு பாடம் வரும். புகார், மதுரை, வஞ்சி. மதுரைக்கு நான்மாடக்கூடல் என்றே பெயர், மாடத்தை எண்ணித்தான் ஊருக்குப் பெயரே வைத்திருக்கிறான் தமிழன் என்று வாத்தியார் மேசையைத் தட்டுவார். இந்திர விழவூர் எடுத்த காதையில் புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டாகப் பிரித்திருப்பதையும் அதே பெருமையோடுதான் சொல்லிக்கொடுத்தார். ஒரு பக்கம் மீன் விற்கிறவர், உப்பு விற்கிறவர், நெய்கிறவர், கொல்லர், தச்சர். இன்னொரு பக்கம் அரசன் தெரு, வணிகர் தெரு, அந்தணர் தெரு. "யார் எங்கே இருக்கணும்னு இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னாலேயே தெளிவா எழுதி வச்சிருக்கான் பாருங்க, இதுதான் நகர நாகரிகம்" என்றார். எங்கள் வகுப்பில் காலனியிலிருந்து போனவர்கள் மூன்று பேர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நகரத்தில் எத்தனை தெரு இருந்தது என்று மனப்பாடம் செய்தோமே தவிர, அந்தத் தெருக்களைக் கூட்டியவர்கள் எந்தப் பாக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்மதிப்பெண் போயிருக்கும்.

எல்லையில் நின்று நகரத்தைப் பார்த்த ஆள் ஒருவரை அதே பாடத்திட்டத்தில் வேறொரு தாளில் படித்தோம். பெரியபுராணத்துத் திருநாளைப்போவார். சேக்கிழார் ஆதனூரைச் செழிப்பான ஊராக வருணித்துவிட்டு, வயலுக்குப் பக்கத்தில் இருக்கிற புலைப்பாடியைத் தனியாக வருணிக்கிறார். நந்தன் கோயிலுக்கு என்ன கொடுத்தார்? பேரிகைக்குத் தோல், வார், யாழுக்கு நரம்பு, பூசைக்குக் கோரோசனை. அவர் கொடுத்த பொருள் கருவறை வரைக்கும் போகிறது. அவர் போக முடியாது. தில்லைக்குப் போக ஆசைப்பட்டு, போனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்து, நாளைக்குப் போவேன் நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே பேராகிப்போனது. கடைசியில் ஒருநாள் போகிறார். போய் ஊர் எல்லையில் நின்றுவிடுகிறார். உள்ளே வேள்விப் புகை, மதில், மாளிகை. ராப்பகலாக ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

பக்தி என்று இதற்கு உரை எழுதிவிட்டார்கள். நான் இதை ஒரு போக்குவரத்துக் கதையாகப் படிக்கிறேன். பொருளுக்கு வழி உண்டு, உழைப்புக்கு வழி உண்டு, உடம்புக்கு மட்டும் வழி கிடையாது. திருப்புன்கூரில் நந்தி விலகியது, சாமி தெரிந்தது. ஆனால் நந்தன் நின்ற இடம் மாறவில்லை. கோபாலகிருஷ்ண பாரதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கீர்த்தனையாகப் பண்ணும்போது ஒரு பண்ணையாரை உள்ளே கொண்டுவருகிறார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் அவர். சிதம்பரம் போக உத்தரவு கேட்டால் நாற்பது வேலி அறுவடையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஆக ஆயிரத்துச் சொச்சம் வருச மரபில் நந்தனுக்கு எல்லைதான் தடை என்றிருந்தது போய், பிற்காலத்தில் லீவு கிடைக்காததும் ஒரு தடையாகச் சேர்ந்துகொண்டது. அந்த அளவுக்குப் பாரதி நிலைமையைப் புரிந்தவர்தான். இரண்டு பேருமே கடைசியில் அவரை நெருப்பில் இறக்கித்தான் ஊருக்குள் கொண்டுபோகிறார்கள் என்பது வேறு விசயம்.

தமிழ் சினிமா பிறந்து வளர்ந்து என்ன செய்தது? 1959-ல் மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டிடம் திறந்தார்கள். பதினாலு மாடி, 177 அடி, அப்போது இந்தியாவிலேயே உயரம். அதற்கப்புறம் கிராமத்திலிருந்து பட்டணம் வருகிற கதாநாயகன் மஞ்சப்பையோடு சென்ட்ரலில் இறங்குவான். அடுத்த ஷாட் எல்.ஐ.சி. கட்டிடம். எத்தனை படம் என்று கணக்கே இல்லை. கேமரா கீழேயிருந்து மேலே போகும். அவன் துண்டு கீழே விழுகிற மாதிரி அண்ணாந்து பார்ப்பான். தில்லை எல்லையில் நின்ற கண்ணுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு வித்தியாசம் இருக்கிறது. சினிமாவில் அண்ணாந்து பார்க்கிறவன் இரண்டரை மணி நேரத்துக்குள் அந்தக் கட்டிடத்துக்கே முதலாளி ஆகிவிடுவான், ஏனென்றால் அவன் பெரும்பாலும் நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஏதோ கெட்ட நேரத்தில் ஏழையானவன். கட்டிடத்தில் சாரம் கட்டியவனுக்கு அந்த ஷாட்டில் இடம் கிடையாது.

சாரத்தின் கீழே நின்ற பெண்ணைத் தலைப்பிலேயே கொண்டுவந்தவர் ஜெயகாந்தன். 'சினிமாவுக்குப் போன சித்தாளு' 1972-ல் வந்தது. நம் ஆட்களின் பேச்சை அவர் காது வாங்கியது நிசம், அதை மறுக்க மாட்டேன். அந்தக் கதையில் சித்தாள் வேலை செய்கிற பெண்ணுக்குச் சினிமாப் பைத்தியம், ரிக்சா இழுக்கிற புருசன், அவள் வாழ்க்கை நாசமாவது என்று போகும். ஜெயகாந்தனுக்குக் கோபமெல்லாம் திரையில் இருக்கிற நாயகன் மேலும் அவனைக் கும்பிடுகிற அவள் மேலும். அவள் தலையில் இருந்த சட்டிக் கலவை யார் வீட்டுக்குப் போனது, கட்டி முடித்த பிறகு அந்த வீட்டுக்குள் அவள் என்னவாக நுழைய முடியும் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. வேலை அவளுக்கு அடைமொழி, அவ்வளவுதான். தலித் வாசிப்பு அந்தத் தலைப்பைத் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டும்: சித்தாள் சினிமாவுக்குப் போனது மட்டும் ஏன் கதை, சினிமாத் தியேட்டரைக் கட்டப் போனது ஏன் கதை இல்லை?

2014 ஜூன் 28 அன்று போரூருக்குப் பக்கத்தில் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் வந்த கட்டிடத் தொழிலாளிகள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அன்றைக்கு டி.வி. முழுக்க அதுதான். எத்தனை விநாடியில் விழுந்தது, எவ்வளவு புழுதி கிளம்பியது என்று நேரலை. ஜனங்கள் மொட்டை மாடியில் நின்று கைதட்டினார்கள். கட்டிடம் எழும்புவதும் வேடிக்கை, விழுவதும் வேடிக்கை. 61 பேரைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் வந்திருக்க வேண்டும்.

சரி, உயரத்தை விட்டுவிட்டுத் தூரத்துக்கு வருகிறேன். என் வாதமே தூரத்தைப் பற்றியதுதான்.

விழுப்புரம், திண்டிவனம்காரர்களுக்குப் பட்டணத்தின் வாசல் ஒரு காலத்தில் பாரிமுனை. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஐகோர்ட்டு, பூக்கடை, துறைமுகம். மூட்டை தூக்கப் போனவனும் கோர்ட்டுக்குப் போனவனும் அங்கேயே இறங்கி நடந்தார்கள். 2002-ல் வாசலைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கத்தில் புது முனையம் திறந்தார்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவைத் தாண்டி நமக்கு வாசல். விமான நிலையம் மாதிரி இருக்கிறது, உண்மையிலேயே அழகான கட்டிடம். ஆனால் திண்டிவனத்திலிருந்து வருகிறவன் அங்கே இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும்போது மேஸ்திரி ஆள் எடுத்து முடித்திருப்பான். நெரிசலைக் குறைக்கத்தான் செய்தார்கள், சாதி பார்த்துச் செய்யவில்லை என்று தோழர்கள் சொல்லுவார்கள். சாதி பார்த்துச் செய்தார்கள் என்று நானும் சொல்லவில்லை. எட்டு மணிக்கு ஆபீசுக்குக் காரில் போகிறவனின் நெரிசலைக் குறைக்க யாருடைய ஒரு மணி நேரத்தை எடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்கச் சொல்கிறேன்.

பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது பாமாவை விட்டுவிட முடியாது. 1992-ல் வந்த 'கருக்கு'வில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எங்கே இறங்கப் போகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் இடம் மாறி உட்காருவதைப் பாமா எழுதியிருக்கிறார். இறங்கும் இடத்தைக் கேட்டால் சாதி தெரிந்துவிடுகிறது. ஒரு வழித்தட எண்ணுக்குள் ஒரு வருணாசிரமமே இருக்கிறது என்பதைப் படித்த அன்றைக்கு எங்கள் விடுதியில் ராத்திரி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நம் பெண்களுக்கு இது பெரிய விசயம், மாசத்துக்கு ஐநூறு அறுநூறு மிச்சம். அதையும் அடுத்த வருசமே நம் மாவட்டத்து மந்திரி ஒருவர் மேடையில் 'ஓசி' என்று சொல்லிக் காட்டினார். அவள் போகிற வேலைக்குக் கிடைக்கிற கூலியில் எவ்வளவு ஓசி என்று அவர் சொல்லவில்லை.

இனி ராஜீவ் காந்தி சாலைக்கு, அதாவது பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போவோம். 2000-ஆம் வருசம் ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதே 2000-ல்தான் அதே சாலையில் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் குடியேற்றம் தொடங்கியது. கூவம் கரை, அடையாற்றுக் கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை என்று நகரத்துக்குள் இருந்த குடிசைகளைப் பெயர்த்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அப்புறம் செம்மஞ்சேரி. அப்புறம் எட்டு அடுக்காகப் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு வந்தவர்கள் ஏராளம். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று சொல்லி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் பேச்சு. பட்டினப்பாக்கத்தில், புளியந்தோப்பில், சிந்தாதிரிப்பேட்டையில் அப்படிக் கட்டவும் செய்தார்கள். வாரியத்தின் பெயரிலிருந்து 'குடிசை'யை 2021-ல் எடுத்துவிட்டார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கும்போது ஒருவர் தீக்குளித்துச் செத்தார். பேர் மாறி ஒரு வருசம்கூட ஆகவில்லை.

இந்தப் பெயர் வைக்கிற அரசியலைத்தான் தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னால் தாங்க முடியவில்லை. நகரத்திலிருந்து துரத்தியவர்களை வைத்த இடத்துக்குக் கண்ணகி நகர் என்று பெயர்! நகரத்தை எரித்தவள் பெயர். எந்தத் தமிழறிஞர் யோசனை சொன்னாரோ, தன்னை அறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து கண்ணகி சிலையை எடுத்தபோது தமிழே போய்விட்டது என்று எத்தனை கூட்டம், எத்தனை கண்டனம், எத்தனை கவிதை. 2006-ல் சிலை திரும்பி வந்தது. அதே கடற்கரைக்குப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து போன கண்ணகி நகர்க்காரர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுக்காகத் தமிழுணர்வாளர் யாரும் கடற்கரையில் கூட்டம் போட்டதாக நினைவில்லை. 2020 வாக்கில் அங்கே சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. படம் எடுக்க நகரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வேலைக்கு மனுப் போடும்போது மட்டும் அங்கத்துப் பிள்ளைகள் துரைப்பாக்கம் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள், கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிட மாட்டார்கள். கிராமத்தில் தெருப் பெயரைச் சொன்னால் சாதி தெரியும். இங்கே பின்கோடு. 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்போதுதான் அந்தப் பெயரைப் பத்திரிகைகள் திருட்டு, கஞ்சா இல்லாமல் எழுதின.

என் அத்தை ஒருத்தி அப்படியொரு குடியிருப்பில் ஏழாவது மாடியில் இருக்கிறாள். நாற்பது வருசத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போய் ஆற்றங்கரையில் குடிசை போட்டவள். அங்கிருந்தபோது அஞ்சு வீட்டு வேலை, அஞ்சும் நடை தூரம். மத்தியானம் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பப் போவாள். இப்போது மூணு வீடுதான். மத்தியானம் யார் வீட்டுப் படிக்கட்டிலாவது உட்கார்ந்திருக்கிறாள். லிப்ட் ஓடுகிற நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. போன முறை போயிருந்தபோது சாயங்காலம் என்னை நடைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். கம்பெனிக் கட்டிடங்கள் எல்லாம் கண்ணாடியும் விளக்குமாகத் தெரிந்தன. பாயின் செல்போனில் பார்த்த அதே மாதிரி.

"நல்லாத்தாண்டா கீது. இங்கேருந்து பாத்தா ஊரே தெரியுது. ஊர்லேருந்து பாத்தாதான் நம்ம ஊடு தெர்ல" என்றாள்.

திண்டிவனத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் இதையெல்லாம் பேசினேன். முடித்ததும் மார்க்சியத் தோழர் ஒருவர் எழுந்தார். "கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்றுதானே அம்பேத்கர் சொன்னார்? நகரம் சாதியைக் கரைக்கும். நீங்கள் நகரத்தையே எதிர்க்கிறீர்களே" என்றார். நியாயமான கேள்வி, அவசரத்தில் பதில் சொல்லிச் சொதப்பிவிட்டேன். இங்கே சொல்கிறேன். 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அம்பேத்கர் கிழித்துத் தொங்கவிட்டதில் ஒரு வார்த்தையையும் நான் மாற்றமாட்டேன். கிராமத்துக்குத் திரும்பு என்று எவன் சொன்னாலும் அவன் நம் எதிரி. ஆனால் அதே அம்பேத்கர் அமெரிக்காவில் படித்துவிட்டுப் பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது என்ன ஆனது? தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் பேரை மறைத்துத் தங்கி, தடியோடு வந்தவர்களிடம் அகப்பட்டு வெளியேறி, பூங்காவில் உட்கார்ந்து அழுததைத் தன் கைப்பட எழுதியிருக்கிறார். பரோடா கிராமம் இல்லை. 1921-ல் பெரம்பூர் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் சேராதபோது புளியந்தோப்பில் எரிந்த குடிசைகள் எந்தக் கிராமத்துக் குடிசைகள்? நகரம் நமக்குக் கொடுத்ததும் உண்டு. அயோத்திதாசர் 1907-ல் ராயப்பேட்டையில் உட்கார்ந்து பத்திரிகை நடத்தியதை ஆதனூரில் நடத்தியிருக்க முடியாது. அந்த நகரம் நமக்கு வேண்டும், அதன் நடுவில் வேண்டும். இருபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி எட்டு அடுக்கில் தருகிறதை நகரம் என்று சொல்லி என் கையில் திணிக்காதீர்கள் என்கிறேன். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் முன்னே ஒரு ஓடையோ நாலு வயலோ இருக்கும், கூப்பிட்டால் கேட்கும்.

பாயிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். குவாங்சோவில் கட்டியவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்பதைத் தேடிப் படித்தேன். நகரம் வளர்ந்து விழுங்கிய பழைய கிராமங்கள் உயரக் கட்டிடங்களுக்கு நடுவில் தீவு தீவாக இருக்கின்றன. அங்கே ஐந்தாறு மாடி நெருக்கி நெருக்கிக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுச் சன்னலோடு கை கொடுக்கலாம் என்பதால் கைகுலுக்கும் கட்டிடங்கள் என்றே பேர். கிராமத்திலிருந்து வந்த கூலிக்காரன் அங்கேதான் படுக்கிறான். ஹுக்கோவ் என்று ஒரு குடும்பப் பதிவு முறை 1958-லிருந்து இருக்கிறது. கிராமத்தில் பிறந்தவன் நகரத்தில் இருபது வருசம் உழைத்தாலும் பதிவு கிராமத்தில்தான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிச் சலுகை எல்லாம் அந்தப் பதிவோடு கட்டியிருக்கிறது. 2003-ல் குவாங்சோவில் தற்காலிகத் தங்கல் சீட்டு கையில் இல்லை என்று பிடித்துப்போன சுன் ஜிகாங் என்கிற இளைஞன் காவலில் அடிபட்டுச் செத்தான். நாடே கொதித்து, அப்படிப் பிடித்து ஊருக்கு அனுப்புகிற சட்டத்தை அந்த வருசமே எடுத்தார்கள். 2017 நவம்பரில் பெய்ஜிங் புறநகரில் தொழிலாளர் தங்கிய கட்டிடம் தீப்பிடித்து 19 பேர் செத்ததும், பாதுகாப்பு என்ற பேரில் ஆயிரக்கணக்கானவர்களைக் குளிரில் வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். வெள்ளத்தைக் காரணம் காட்டிக் கூவத்துக்காரர்களை ஏற்றியது போலத்தான். அரசுத் தாள்களில் 'கீழ்மட்ட மக்கள்தொகை' என்று ஒரு சொல் புழங்கியது அப்போது வெளியே தெரிந்து பெரிய சண்டை ஆனது.

ஹுக்கோவ்தான் சீனாவின் சாதி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு அரசாணையில் ஹுக்கோவை மாற்றலாம், மாற்றியும் வருகிறார்கள். அத்தையின் ரேசன் கார்டில் சென்னை முகவரி எப்போதிருந்தோ இருக்கிறது, ஓட்டும் இருக்கிறது. இருந்தும்தான் லாரியில் ஏற்றினார்கள். நம்மை வெளியேற்றக் காகிதம் தேவைப்படவில்லை.

ஆனால் சீனாவிலிருந்து ஒரு ஆளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சூ லிஜி. ஷென்ஜென் பாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளி, கவிஞர். 2014 செப்டம்பர் 30-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார், வயசு 24. உயரத்தைப் பற்றி எழுதாமல் அசெம்பிளி லைனைப் பற்றியும் படுக்கிற அறையைப் பற்றியும் எழுதினார். அதே பாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு நம் மாவட்டங்களிலிருந்து போய் விடுதிகளில் தங்கி வேலை செய்கிற பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர, ராத்திரியோடு ராத்திரியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். எந்தக் கட்சியும் கூப்பிட்டு வந்தவர்கள் இல்லை. அந்த ராத்திரியை எழுத அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இருக்கிறாள், அவள் நோட்டைத் தேடிப் போகிற பத்திரிகைதான் இல்லை.

நம் ஆட்கள் எழுதவே இல்லையா என்றால், எழுதியிருக்கிறார்கள். ரஞ்சித்தின் 'அட்டகத்தி' 2012-ல் வந்தபோது பஸ்ஸையும் ரயிலையும் ரூட்டுப் பையன்களையும் கிண்டலும் பாசமுமாகப் பார்த்தேன். நகரத்துக்கு வெளியிலிருந்து தினமும் உள்ளே போய்வருகிற பையனுக்கு முதல்முறையாகக் கதாநாயகன் இடம் கிடைத்தது. 'மெட்ராஸ்' படத்தில் ஹவுசிங்போர்டிலிருந்து ஐ.டி. வேலைக்குப் போகிற காளி வருகிறான். சண்டை முழுக்க ஒரு சுவரைப் பற்றி. அண்ணாந்து பார்க்கிற கேமராவைத் தரைக்கு இறக்கிய படம். எனக்கு ஒரு மனக்குறை உண்டு: காளி ஆபீசில் எட்டு மணி நேரம் என்னவாக உட்கார்ந்திருந்தான், எங்கே இருந்து வருகிறாய் என்று கேட்டவனுக்கு என்ன சொன்னான் என்பதைப் படம் சட்டென்று தாண்டிவிடுகிறது. தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' நாவல், 2018-ல் வந்தது, சிந்தாதிரிப்பேட்டையை உள்ளேயிருந்து எழுதியது. அந்த மொழிக்கு அகராதி போடாமல், மன்னிப்புக் கேட்காமல் எழுதியது. இவையெல்லாம் நகரத்துக்குள் இருக்கிற சேரியின் கதைகள். துரத்தி வெளியே வைத்த சேரியின் கதை இன்னும் வர வேண்டியிருக்கிறது. அதைவிட நம்மேலேயே ஒரு குற்றச்சாட்டு: நம் பத்திரிகைகளுக்கு வருகிற கதைகளைப் பாருங்கள். பறை, பண்ணை, தேர், சுடுகாட்டுப் பாதை. எல்லாம் உண்மை, எல்லாம் இன்னும் நடக்கிறது. ஆனால் எழுதுகிறவன் காலையில் ஆறேகால் பாசஞ்சரைப் பிடித்துத் தாம்பரத்துக்கு வேலைக்குப் போகிறான். அந்த ரயில் கதையில் வருவதில்லை.

நகரம் நம்மை நோக்கி வேறு ரூபத்தில் வந்துகொண்டிருக்கிறது. 'சென்னைக்கு மிக அருகில்' என்று திண்டிவனத்து மனைகளை விற்ற விளம்பரம் ஊர் சிரித்த விசயம். நூற்றிருபது கிலோமீட்டர் அருகில்! நான் சிரிக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீரின் அறிக்கையை வைத்து 1892-ல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம், பிற சாதியாருக்கு விற்கவும் கூடாது, அவர்கள் வாங்கவும் கூடாது என்று நிபந்தனை போட்ட நிலம், பல ஊரில் கைமாறிக் கம்பி வேலிக்குள் இருக்கிறது. அதைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். காரணை நிலத்துக்கான போராட்டம் அது. மனை போடுகிறவன் முதலில் நடுகிற மஞ்சள் கல்லுக்குக் கீழே யார் பட்டா இருந்தது என்று பார்க்காமல் புறநகர் வளர்ச்சியைப் பற்றி எந்த அறிஞர் எழுதினாலும் அது விளம்பர நோட்டீசுக்கு நாலு பக்கம் கூடுதல்.

கோட்டக்குப்பத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டு எழுதுகிறோம்: எத்தனை மணிக்கு எழுந்தது, எந்த பஸ், எங்கே நின்றது, எங்கே உட்கார இடம் கிடைத்தது, யார் என்ன கேட்டார்கள், திரும்பியது எப்போது. மாணவத் தோழர்கள் அவரவர் பக்கத்தில் எழுதி இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பலாம். இலக்கியமாக இருக்க வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் அத்தை சொன்னதை எழுதியிருக்கிறேன். மூணே முக்காலுக்கு எழுந்தது. ஏழு மாடி இறங்கியது. நாலரைக்கு முதல் பஸ், நின்றுகொண்டு. மாறியது. ஆறே காலுக்கு முதல் வீட்டு வாசல். காலிங்பெல் அடிக்கவில்லை, அய்யா தூங்குவார். கதவு திறக்கிற வரைக்கும் படியில்.